எண்ணும் எந்திரங்கள் – 7: சாலையில் குப்பை பொறுக்கும் ரோபோ

சென்ற வாரம் யோவ் ஷோஹாம் 1993இல் எழுதிய கட்டுரையோடு நிறுத்தியிருந்தோம். நம்பிக்கை, கடப்பாடு போன்றவற்றை நிரலுக்குள் நேரடியாகவே எழுதலாம் என்று காட்டியவர் அவர். அந்த வழியில் அடுத்த பெரிய அடி மெல்பர்னில் வைக்கப்பட்டது.

அங்கிருந்த ஆஸ்திரேலியச் செயற்கை நுண்ணறிவுக் கழகத்தில் ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃப்பும் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். விண்வெளி ஓடத்தின் கோளாறுகளைக் கண்டறியப் பயன்பட்ட பிஆர்எஸ் என்ற அமைப்பை ஜார்ஜெஃப் முன்பே அமெரிக்காவில் உருவாக்கியிருந்தார். அது ஓடியது. இன்னொரு பக்கம், தத்துவ அறிஞர் மைக்கேல் பிராட்மனின் 1987ஆம் ஆண்டு நூலிலிருந்து கிளைத்த தர்க்கக் கோட்பாடு இருந்தது. ஏஜென்டின், அதாவது சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுத்துச் செயல்படும் நிரலின், மனத்தை நம்பிக்கை, விருப்பம், தீர்மானம் என மூன்றாகப் பிரித்த கோட்பாடு அது. தாளில் மட்டுமே வாழ்ந்தது. இரண்டையும் இணைக்க 1996இல் ராவ் எழுதியதுதான் ஏஜென்ட்ஸ்பீக் மொழி.

அவர் கட்டுரையின் உதாரணம் மிக எளியது. நான்கு தடங்கள் கொண்ட சாலை. கார்கள் வரும், போகும். ஏதாவது ஒரு தடத்தில் குப்பை விழும். ரோபோ அதை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். கார் இருக்கும் தடத்தில் கால் வைக்கக் கூடாது. நம் சுங்கை பாக்காப் பெரிய சாலையில், லோரிகளுக்கு நடுவே அந்த ரோபோவை நிறுத்திப் பாருங்கள், சிரமம் விளங்கும்.

'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று வரிசையாக எழுதிய நிரல் அங்கே தடுமாறும். உலகம் அந்த வரிசைப்படி நடப்பதில்லை. ஏஜென்ட்ஸ்பீக்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று பகுதிகள். என்ன நேர்ந்தால் இது விழித்துக்கொள்ள வேண்டும்? அப்போது எது உண்மையாக இருக்க வேண்டும்? பிறகு செய்ய வேண்டியவை என்ன? குப்பை தெரிந்தது; நானும் அதே தடத்தில்தான் இருக்கிறேன்; ஆகவே எடு, தொட்டியிடம் போய்ச் சேர், போடு. இதில் 'போய்ச் சேர்' என்பது கட்டளை அல்ல, இலக்கு. எப்படிப் போவது என்பதை அந்தக் கணத்து நம்பிக்கைகளைப் பார்த்து வேறொரு திட்டம் முடிவு செய்யும். பக்கத்துத் தடத்தில் கார் இல்லையென்றால்தான் நகரும்.

எடுத்த தீர்மானத்தை எவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருப்பது? டேவிட் கின்னியும் ஜார்ஜெஃப்பும் 1991இல் இதைச் சோதித்தார்கள். உலகம் மெதுவாக மாறும்போது, தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யாமல் முடிக்கும் துணிச்சல்காரன் வென்றான். உலகம் வேகமாக மாறும்போது அடிக்கடி நின்று யோசிப்பவன் முந்தினான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த முடிவு இதுதான்.

தாளில் இருந்த மொழியை மற்றவர்கள் எடுத்தாளக் கருவி வேண்டுமே! பிரேசிலைச் சேர்ந்த ரஃபேல் போர்டினியும் ஜோமி ஹூப்னரும் ஜாவாவில் எழுதிய ஜேசன் அதைத் தந்தது. 2007இல் மைக்கேல் வுல்ட்ரிஜோடு சேர்ந்து அதற்கென ஒரு நூலும் எழுதினார்கள். ஜேசன் திறந்த மூலநிரல், காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் 'மன ஆய்வி' என்றொரு சாளரம் உண்டு. ஏஜென்ட் இப்போது எதை நம்புகிறது, எந்தத் தீர்மானத்தின் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஓட்டத்தின் நடுவிலேயே பார்க்கலாம்.

இன்று மொழி மாதிரிகளின் மேல் கட்டப்படும் எல்லாவற்றுக்கும் ஏஜென்ட் என்றே பெயர். அவற்றிடம் 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் வரும் விளக்கமும் புதிதாக உருவாக்கப்படும் வாசகம்தான். உண்மையில் நடந்ததோடு அது பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. ஏஜென்ட்ஸ்பீக்கில் காரணம் நிரலிலேயே இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். பத்து காவான் தொழிற்சாலைகளில் நாளை இயந்திரங்களோடு தோளுரசி வேலை செய்யப்போகும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமை வேண்டும். நிபோங் திபாலில் பொறியியல் படிப்பவர்கள் இந்தப் பழைய மொழியைக் கட்டாயம் ஒருமுறை தொட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

தொடங்க எளிய வழி, ஜேசனோடு வரும் துப்புரவு ரோபோக்கள் உதாரணம். களம் செவ்வாய்க் கிரகம். ஒரு ரோபோ குப்பையைத் தேடும். கண்டால், நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, எரிக்கும் ரோபோவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தேடலைத் தொடரும். இடத்தைக் குறித்துக்கொள்ளும் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். குப்பையைக் கொடுத்த பிறகு திட்டம் முறியும். மன ஆய்வியைத் திறந்து, எந்த நம்பிக்கை இல்லாமல் போனதால் முறிந்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

அடுத்த வாரம்: பல ஏஜென்டுகளை ஓர் அமைப்பாகக் கட்டும் ஜாக்காமோ.