பூட்டு உடைந்த கடை

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் நாத்தனார் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறாள். 2024 ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலையில் போன். "அண்ணி, கடையை உடைச்சிட்டாங்க! கல்லாப் பெட்டியோட போச்சு. எடை மிஷினைக்கூட விடலை" என்று ஒரே அழுகை.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், அம்மணி கடையைப் பெருக்கிக் கழுவி, வாசலில் கோலமும் போட்டு வைத்திருக்கிறாள்! வெள்ளிக்கிழமையாம். உடைந்த பூட்டு குப்பையில் கிடக்கிறது. நமக்குச் சுத்தம் கூடவே பிறந்தது, சரி. ஆனால் திருட்டுப் போன இடத்தில் போலீஸ் வந்து பார்க்கும்வரை துடைப்பத்தைத் தொடவே கூடாது, சகோதரிகளே.

"பொம்பளைங்க ஸ்டேஷனுக்கா?" என்று மாமியார் முணுமுணுத்தார். இருவருமாகப் போனோம். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்ப்போம்" என்றார்கள். நாங்கள் நகரவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம். இரண்டு நாள் கழித்து முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம்.

காகிதத்துக்கு ஏன் இத்தனை பாடு என்கிறீர்களா? களவு போனது அகப்பட்டால் கோர்ட்டு மூலமாகத்தான் கைக்கு வரும். நம்முடையது என்று காட்ட பில் வேண்டும். நல்லவேளை, எடை மிஷின் பில்லைக் கடுகு டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள்! இன்ஷூரன்ஸ்தான் இல்லை. கடைகளுக்கென்றே பாலிசி உண்டு. ஆனால் உடைத்துப் புகுந்த அடையாளம் இருந்தால்தான் பெரும்பாலும் பணம் கிடைக்கும். பிரீமியம் கட்டுமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். "பத்தாயிரம் வச்சுக்க தாயி, அப்புறம் பார்த்துக்கலாம்." மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி! இந்தக் கந்து வட்டியைத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. திருடன் ஒரு ராத்திரியோடு போய்விட்டான். இவர் மாதாமாதம் வருவார். அவள் கை நீட்டப் போனாள், நான்தான் இழுத்துக்கொண்டேன்.

கைகொடுத்தது அவளுடைய மகளிர் குழு. 1989-ல் தர்மபுரியில் தொடங்கியதே, அதே சுய உதவிக் குழு வழிதான். சேமிப்பிலிருந்து பதினைந்தாயிரம், மாதம் ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுத்தார்கள். மொத்த வியாபாரியும் ஒரு தடவைக்குச் சரக்கைக் கடனாகப் போட்டார். பாங்கி தவணையை மட்டும் தவறவிட்ட பிறகு சொல்லாமல், முன்கூட்டியே மானேஜரிடம் போய்ச் சொல்லச் சொன்னேன்.

கடன் நோட்டு கண்மாய்க் கரையில் நனைந்து கிடைத்தது. ஓர் எழுத்து தெரியவில்லை. ஊர் என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொருவராக வந்து தங்கள் பாக்கியைத் தாங்களே சொன்னார்கள். ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து நாற்பத்தேழு ரூபாயை எண்ணி வைத்து, "எனக்கு நெனப்புல இருக்கறது இம்புட்டுத்தான் ஆத்தா" என்றார்.

பெரிய பாக்கிக்காரர் ஒருவர் மட்டும் இன்னும் கடைப் பக்கம் தலைகாட்டவில்லையாம்.