கை மறவாத பாடம்

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1937-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவமனை, இன்று பெர்மாய் மருத்துவமனை என வழங்குகிறது. அத்தகைய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் மனச்சிதைவு நோயாளரைப் பற்றி உறவினர் கூறும் குறைகளுள் ஒன்று, 'காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை' என்பதாகும். குறை உண்மையே. ஆயினும் நினைவு என்பது ஒன்றன்று, பலவகைப்படும் என்பர் உளநூலார்.

'நேற்று என்ன படித்தாய்?' என்று வினவினால், எண்ணிப் பார்த்து விடை கூறுவது வெளிப்படை நினைவு. மிதிவண்டி ஓட்டுவதும், பால்மரப் பட்டையை ஆழம் பிசகாமல் சீவுவதும் அவ்வாறல்ல. எந்நாளில் கற்றோம் என்பது மறந்த பின்னரும் கை மறப்பதில்லை. இதனை உள்ளுறை நினைவு என்னலாம். உள்ளுறை என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் புதிதன்றே!

ஜெனீவாவில் கிளாபரேட் என்னும் அறிஞர், நினைவிழந்த பெண்ணொருத்தியின் கையைக் குலுக்கும்போது மறைத்து வைத்த ஊசியால் குத்தினார். அவள் அதனை மறந்துவிட்டாள். ஆயினும் அவர் மீண்டும் கை நீட்டியபோது தன் கையை இழுத்துக்கொண்டாள். 1911-இல் வெளியான செய்தி இது. இன்று இத்தகைய சோதனைக்கு எவரும் இசையார்.

சொற்களைக் கொண்டும் இதனை அறியலாம். 'மருதம்' முதலிய சொற்கள் அடங்கிய பட்டியலை ஒருவரைப் படிக்கச் செய்து, பிறகு 'மரு' என்று மட்டும் எழுதி, மனத்தில் முதலில் தோன்றும் சொல்லாக நிரப்பச் சொன்னால், மருந்து, மருமகன் எனப் பல இருந்தும் 'மருதம்' என எழுதுவோர் மிகுதியாவர். பட்டியலே நினைவில் இல்லாதவரும் அவ்வாறு எழுதுவதுண்டு. முன்பு கண்டது பின்பு எளிதாக எழுவதால் இது முன்தூண்டல் எனப்படும்.

மனச்சிதைவு நோயாளர், பட்டியலைத் திருப்பிக் கூறுவதில் பெரிதும் பின்தங்குகின்றனர். ஆனால் சொல்லை நிரப்பும் சோதனையில் ஏனையோரைப் போலவே பயன் பெறுவதைப் பல ஆய்வுகள் கண்டன. எல்லா ஆய்வுகளும் ஒத்துரைக்கவில்லை. பொருள் தொடர்பைச் சார்ந்த சோதனைகளில் முடிவுகள் வேறுபடுகின்றன.

ஆசிரியர்க்கு இங்கேதான் வேலை இருக்கிறது. 'நீயே முயன்று பார், தவறினால் திருத்துகிறேன்' என்பது பள்ளி வழக்கம். தவற்றைத் தவறென நினைவில் வைத்து விலக்குவது வெளிப்படை நினைவின் தொழில். அது நலிந்தவரிடம், செய்த தவறே கையில் படிந்துவிடும். உள்ளுறை நினைவுக்குச் சரி, தவறு என்னும் பாகுபாடு இல்லை. எனவே தவறு நேர இடந்தராமல் கற்பிக்கும் முறையை, கலிபோர்னியாவில் ராபர்ட் கெர்ன் குழுவினர் இந்நோயாளர்க்குத் தொழில் பழக்குவதில் கையாண்டு நற்பயன் கண்டனர். இது மருந்துக்கு மாற்றன்று. மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது.

தேநீர் கலக்கப் பழக்குவதாயின், 'அடுத்து என்ன, நினைவிருக்கிறதா?' என்று கேட்டல் ஆகாது. முதலில் சர்க்கரை இடுவதொன்றையே, உடன் நின்று, ஊகிக்க விடாமல் பன்முறை செய்விக்க வேண்டும். அது கைவந்த பின்னரே பால். அதன் பின்னரே அடுப்பு.