அம்மாவின் லாவெண்டர் பவுடர்

அடி அண்ணாமலையில் வீடு என்றால் வாசனைக்குக் குறைவிருக்காது. பௌர்ணமி இரவில் பாதி வழியைக் கடந்து வரும் கிரிவலக் கூட்டத்தோடு கற்பூரப் புகை, சாம்பிராணி, வாடிய மல்லிகை, நடந்து களைத்தவர்களின் வியர்வை எல்லாம் கலந்து எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். மறுநாள் காலை வாசல் தெளித்துக் கோலமிடும் வரை அந்தக் கலவை போகாது.

இவற்றுக்கு நடுவே எங்கள் வீட்டிற்கென்று தனியாக ஒரு மணம் இருந்தது. இந்த மண்ணில் விளையாத பூவின் மணம் அது. துபாயில் வேலை பார்த்த மாமா, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு யார்ட்லி லாவெண்டர் பவுடர் டப்பா கொண்டுவருவார். பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதை வைத்து அலமாரியைப் பூட்டிவிடுவார் அம்மா. கல்யாணம், காதுகுத்து, கார்த்திகை தீபம் ஆகிய நாட்களில் மட்டுமே அது வெளியே வரும். கழுத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அக்காள், தங்கை எங்கள் இருவருக்கும் உள்ளங்கையில் மிளகளவு கிடைக்கும்.

அந்த மணத்தை எப்படிச் சொல்வது? டப்பாவைத் திறந்தவுடன் கற்பூரவல்லி இலையைக் கசக்கியது போன்ற ஒரு காரம் முதலில் மூக்கைத் தொடும். சற்று நேரத்தில் அது தணிந்து குளிர்ச்சியான இனிப்பாகும். மாலையில் புடவையை மடிக்கும்போது எஞ்சியிருப்பது, துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணியின் மணம் போல இருக்கும். மல்லிகையைப் போல ஆளைச் சூழ்ந்துகொள்ளாது. ஜவ்வாதைப் போல அறை முழுவதும் நிற்காது. அருகில் வந்தால்தான் தெரியும். அதனால்தானோ என்னவோ, எங்களுக்கு அது அம்மாவின் மடியில் தலைவைத்தால் மட்டும் கிடைக்கும் மணமாக இருந்தது.

முதல் டப்பாவை முகர்ந்தபோது அம்மா, "திருநீற்றுப்பச்சை மாதிரி இல்ல இருக்குது!" என்றாராம். சீமைச் சரக்கைக் கொல்லைச் செடியோடு ஒப்பிடுகிறாரே என்று மாமா சிரித்தாராம். சொன்னது சரிதான் என்று வெகுகாலம் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. லாவெண்டர், துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, தும்பை எல்லாம் அதற்கு உறவு. லாவெண்டர் எண்ணெயின் மணத்திற்குப் பெரும்பங்கு காரணமான பொருள்களில் ஒன்று லினாலூல். திருநீற்றுப்பச்சிலையிலும் அது உண்டு. அதைவிட வியப்பு, நம் அஞ்சறைப்பெட்டிக் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பகுதி இந்த லினாலூல்தான். கடல் கடந்து வந்த டப்பாவின் மணத்தில் ஒரு பங்கு எங்கள் அடுப்படியிலேயே இருந்திருக்கிறது.

யார்ட்லி நிறுவனம் 1770ஆம் ஆண்டை லண்டனில் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறது. அதன் பழைய விளம்பரங்களில் கூடையோடு நிற்கும் ஒரு பூக்காரப் பெண்ணைக் காணலாம். பிரான்சிஸ் வீட்லி என்ற ஓவியர், 1790களில் லண்டன் தெருவோர வியாபாரிகளை வரைந்த ஓவியங்களில் ஒன்று அதற்கு மூலம். மூல ஓவியத்தில் அவள் விற்பது லாவெண்டர் அன்று, பிரிம்ரோஸ் என்னும் வேறொரு பூ. விளம்பரத்துக்காகக் கூடையின் பூவை மாற்றிவிட்டார்கள். கோயில் வாசலில் முழம் போட்டுப் பூ விற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் செய்தி ஏனோ பிடித்திருந்தது. இன்று லாவெண்டரைத் தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. ஜம்முவில் பதர்வா பகுதி விவசாயிகளே பயிரிடுகிறார்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, நரம்பின் வழியே மருந்து ஏற்றும் சிகிச்சை தொடங்கியபோது, மருத்துவமனைப் பையில் நாங்கள் முதலில் எடுத்து வைத்தவற்றுள் அந்த டப்பாவும் ஒன்று. வார்டின் கிருமிநாசினி நெடி அவரைத் தொல்லை செய்யும், தெரிந்த மணம் ஒன்று பக்கத்தில் இருந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோம். முதல் முறை மருந்து ஏறும்போது தலையணை உறையில் கொஞ்சம் தூவினோம். இரண்டாம் முறையும் அப்படியே. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மனம் நோகக்கூடாது என்று பொறுத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் புரிந்தது.

மூன்றாம் முறை, மருந்து ஏற்றத் தொடங்கும் முன்பே, டப்பாவின் மூடியைத் திருகிய சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அத மூடுங்கம்மா... கொமட்டுது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது. பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவருக்கும் பவுடர் தூசியால் இருமல் கண்டது. நாங்கள் இருவரும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றோம்.

செவிலியர் கடிந்துகொள்ளவில்லை. வெளியே அழைத்து விளக்கினார். இந்தச் சிகிச்சையின்போது பலருக்கு மணமும் சுவையும் மாறித் தெரியும். நேற்று வரை விரும்பியதே இன்று பொறுக்க முடியாததாகலாம். அது மட்டுமன்று. குமட்டல் வரும் வேளையில் கூடவே இருக்கும் மணத்தை உடல் குமட்டலோடு சேர்த்து முடிந்து வைத்துக்கொள்ளும். பிறகு மருந்தே இல்லாவிட்டாலும் அந்த மணம் ஒன்றே வாந்தியைக் கொண்டுவரப் போதும். மூக்கிலிருந்து புறப்படும் செய்தி, நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளை மிகக் குறுகிய வழியில் சென்று அடைகிறது. மாமாவின் டப்பா எங்களுக்கு அம்மாவின் மடியை நினைவூட்டுவதும், அதே டப்பா அம்மாவுக்கு ஊசி ஏறும் கையை நினைவூட்டுவதும் அந்த ஒரே வழியில்தான்.

ஆக, அவருக்கு மிகவும் பிடித்த மணத்தை அவரிடமிருந்து பறித்தவர்கள் நாங்களே. அன்பினால் செய்தோம் என்பதால் அந்த வலி குறையவில்லை.

எங்களைப் போலவே பையில் ஏதேனும் ஒரு வாசனையை எடுத்து வைப்பவர்களுக்காக, அன்று அறிந்துகொண்ட வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். நோயாளிக்கு மிகப் பிடித்த மணத்தையோ உணவையோ மருந்து ஏறும் நாளில் கொண்டு போகாமல் வீட்டிலேயே பத்திரமாக வைத்திருப்பது நல்லது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள், கைக்குழந்தைகள், தொண்டையில் குழாய் பொருத்தப்பட்டவர்கள் அருகில் எந்தப் பவுடரையும் தூவக்கூடாது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் தோலில், சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் பவுடரோ வாசனைத் தைலமோ பூசக்கூடாது. லாவெண்டர் எண்ணெய் பதற்றத்தைத் தணிக்குமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். சிறிது பயன் கண்ட ஆய்வுகள் உண்டு, ஆனால் பல சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. கடையில் வாங்கும் வாசனை எண்ணெயை யார் சொன்னாலும் வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். சூடான சாதத்தின் ஆவியே குமட்டினால், ஆறவைத்துக் கொடுத்துப் பாருங்கள். அம்மாவுக்கு அது உதவியது.

வீடு திரும்பியதும் டப்பாவைப் பரண்மேல் ஏற்றினோம். "தாழம்பூ மாதிரி ஆயிடுச்சி அதோட கதி" என்று அம்மாவே ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அடிமுடி தேடிய கதையில் பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசையிலிருந்து தாழம்பூ விலக்கப்பட்டதை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. தாழம்பூவாவது பொய் சொன்னது; பாவம், இந்த டப்பா என்ன செய்தது என்று தங்கை கேட்டாள். அதற்கு அம்மா பதில் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் வரை தாளிப்பு வாசனை வந்தாலே கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் ரசப்பொடிக்காகக் கொத்தமல்லி விதையை வறுத்துக்கொண்டிருந்தோம். அடுப்படி வாசலில் வந்து நின்றார். போகவில்லை. "கருக விட்றாதீங்க" என்றார். அன்று அரைக் கிண்ணம் ரசம் குடித்தார். கொத்தமல்லியின் லினாலூலைப் பற்றி அப்போது நாங்கள் வாய் திறக்கவில்லை.

கடந்த கார்த்திகையில், மலைமேல் தீபம் ஏற்றுவதைப் பார்க்க மாடிக்குச் செல்லும் முன், "அந்த டப்பா எங்க?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எடுத்துக் கொடுத்தோம்; திறக்கவில்லை. அவரே மூடியைப் பாதி திருகி, சற்றுத் தள்ளிப் பிடித்து முகர்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு மூடியை இறுக்கினார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். பரணுக்கு வேண்டாம் என்று சொல்லி, அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அவரே வைத்துப் பூட்டினார்.