வீட்டில் ரத்த டயாலிசிஸ்: இரவு முழுக்கவா, தினமும் கொஞ்ச நேரமா?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மருத்துவமனையில் வழக்கமாக வாரத்துக்கு 3 முறை, தலா 4 மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. இதில் பெரிய குறை, வாரக் கடைசியில் விழும் நீண்ட இடைவெளி. அதற்குள் நீரும் பொட்டாசியமும் உடலில் தேங்கிவிடும். அந்த இடைவெளி முடியும் நாளில்தான் இதயக் கோளாறும் இறப்பும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டு டயாலிசிஸில் இடைவெளியைச் சுருக்க 2 வழிகள் உண்டு.

முதல் வழி, வாரத்துக்கு 5 அல்லது 6 நாள், 2 முதல் 3 மணி நேரம் செய்வது. நீர் அன்றன்றே இறங்கிவிடுவதால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிவதும் கால் குரக்களி இழுப்பதும் குறைகின்றன. வட அமெரிக்காவில் 245 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், வாரம் 6 முறை செய்துகொண்டவர்களுக்கு இதயத் தசையின் தடிப்பு குறைந்தது. ஆனால் அடிக்கடி ஊசி ஏறும் கை ரத்தநாள இணைப்பான ஃபிஸ்டுலாவில் சிக்கல்கள் கூடின.

மற்றது, இரவில் தூங்கும்போதே 6 முதல் 8 மணி நேரம் செய்வது. 1994-இல் டொரண்டோவில் மருத்துவர்கள் ராபர்ட் உல்டாலும் ஆண்ட்ரியாஸ் பியராட்டோஸும் இதைப் பெரும்பாலான இரவுகளில் வீட்டிலேயே செய்யும் திட்டத்தைத் தொடங்கினார்கள். உடலில் தேங்கும் பாஸ்பேட் செல்களுக்குள்ளிருந்து மெல்லத்தான் வெளியேறும். அதை எடுக்க நேரம்தான் வேண்டும். எனவே பெரும்பாலான இரவுகளில் செய்துகொள்பவர்களில் பலர் பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். பாலுக்கும் பருப்புக்கும் இருந்த கெடுபிடியும் தளர்கிறது. பகலில் வேலைக்கும் போகலாம். ஆபத்து ஊசியில் இருக்கிறது. தூக்கத்தில் அது நழுவினால் சில நிமிடங்களிலேயே உயிர்போகும் அளவுக்கு ரத்தம் வெளியேறலாம். அதனால் ஊசியைப் பிளாஸ்திரியால் இறுக ஒட்டி, ஈரம் பட்டதும் அலறும் உணர்கருவியைப் பக்கத்தில் பொருத்துகிறார்கள். 87 பேரிடம் நடந்த இரவுமுறை ஆய்வில் இதயத்துக்கான பலன் உறுதிப்படவில்லை. கொஞ்சமாவது சிறுநீர் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது விரைவாக வற்றியது.

எந்த முறை என்று முடிவெடுக்கும்போது, திண்டுக்கல் போன்ற ஊரில் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 300 மில்லி வீதம் 8 மணி நேரத்துக்கு 144 லிட்டர் டயாலிசிஸ் திரவம் தேவை. நிமிடத்துக்கு 500 மில்லி ஓடினாலும் இரண்டரை மணி நேரத்துக்கு 75 லிட்டர் போதும். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீர் இதற்கு மேல். தோல் தொழிற்சாலைக் கழிவு நகரைச் சுற்றிய நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் ஃபுளூரைடு தொல்லை. குடிக்கிற தண்ணீருக்கான சாதாரண ஆர்.ஓ. டயாலிசிஸுக்கு உதவாது. குழாய்நீரில் கலந்த குளோரினும் கரி வடிகட்டியில் நீங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் உடையும். நடு இரவில் கரண்ட் போனால் இயந்திரத்தின் பேட்டரி கொஞ்ச நேரம் ரத்தத்தை ஓட வைக்கும், அவ்வளவுதான். வீட்டில் ஒருவர் எழுந்து, குழாயிலுள்ள ரத்தத்தை உடலுக்குத் திருப்பப் பழகியிருக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், துணை மூன்றும் உறுதியாக உள்ள வீட்டுக்கே இரவுமுறை பொருந்தும். இவற்றில் ஒன்று தடுமாறினாலும், எல்லோரும் விழித்திருக்கும் வேளையில் செய்யும் குறுகிய முறையே பாதுகாப்பு.

இரண்டுக்குமே வசதியில்லாதவர்களுக்கு வயிற்று டயாலிசிஸ் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். ஊசியோ ஆர்.ஓ. கருவியோ வேண்டாம், ஆனால் ஒவ்வொரு முறை பை மாற்றும்போதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து, வயிற்றில் தொற்று புகாமல் காக்க வேண்டும்.