மூல மின்னஞ்சல் அனுப்புதல்

மூல மின்னஞ்சல் என்பது தலைப்பகுதி, உடற்பகுதி, கோப்பு இணைப்புகள் ஆகிய அனைத்தையும் அனுப்புபவரின் நிரலே மைம் சீர்தரப்படி தொகுத்து உருவாக்கும் முழு மடல் ஆகும். 2011 இல் தொடங்கப்பட்ட அமேசான் எளிய மின்னஞ்சல் சேவையின் நிரலாக்க இடைமுகம் இம்முறையை ஏற்கிறது. எளிய முறையில் தலைப்பையும் உரையையும் கொடுத்தால் சேவையே மடலை அமைக்கும். மூல முறையில் அப்பொறுப்பு நிரலாளருடையது.

தலைப்பகுதியையும் உடற்பகுதியையும் ஒரு வெற்று வரி பிரிக்கிறது. படம் போன்ற இணைப்புகள் பேஸ்64 முறையில் குறியேற்றப்படுகின்றன. இதில் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாவதால் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். தமிழில் அமைந்த மடல் தலைப்பையும் இவ்வாறு குறியேற்றலாம்.

பெறுநர் பட்டியலைத் தனியே தராவிடில், சேவை அதனைத் தலைப்பகுதியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எனவே பயனர் உள்ளிடும் தலைப்பில் வரிமுறிவுகளை நீக்குதல் இன்றியமையாதது. இல்லையேல், வரிமுறிவை அடுத்து வருவது புதிய பெறுநர் புலமாகக் கொள்ளப்பட்டு, மடல் தொடர்பற்றோருக்கும் செல்லக்கூடும்.