எண்ணெய்ப் பாக்கெட்டும் தைராய்டு மாத்திரையும்

மலேசியாவின் செமினி வட்டாரத்தில் ரப்பர் நின்ற தோட்டங்களில் செம்பனை வந்து, செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் இப்போது வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டாலும், அவ்வீடுகளின் அடுப்படியில் செம்பனை எண்ணெயின் ஆட்சி மட்டும் மாறவில்லை. அரசின் உதவித்தொகையோடு கிலோ 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்படும் பாக்கெட் எண்ணெய் முதல் மாமாக் கடையில் பொரித்தெடுக்கும் கோழி வரை எங்கும் அதுவே. ஆகவே ஒருவருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தவுடன், செம்பனை எண்ணெயை நிறுத்திவிட்டுக் காலையில் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி குடிக்கச் சொல்லும் அறிவுரை வாட்ஸ்அப்பில் வந்து சேர்வதில் வியப்பில்லை.

எண்ணெய் எதுவானாலும் அதன் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்களால் ஆனது. கரிம அணுக்களின் சங்கிலியான இவற்றில் இரட்டைப் பிணைப்பு இல்லாதவை நிறைவுற்றவை என்றும், இருப்பவை நிறைவுறாதவை என்றும் பிரிக்கப்படுகின்றன. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலமும் 40 விழுக்காடு ஒலியிக் அமிலமும் இருக்க, தேங்காய் எண்ணெயில் 90 விழுக்காடு நிறைவுற்ற அமிலங்களே; அதன் மொத்த அளவில் பாதி லாரிக் அமிலம்.

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டு டி4 என்ற இயக்குநீரைப் பெருமளவிலும் டி3 என்பதைச் சிறிதளவிலும் ஆக்குகிறது. செல்களில் உண்மையில் வேலை செய்வது டி3தான் என்பதால், கல்லீரல் போன்ற உறுப்புகள் டி4இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி அதை உண்டாக்கிக்கொள்கின்றன. இரத்தத்தில் டி4 பெரும்பாலும் புரதங்களைப் பற்றிக்கொண்டே பயணம் செய்கிறது. கொழுப்பு அமிலங்கள் மிகுந்தால் இந்தப் பிடி தளர்கிறது. இதை மருத்துவமனை ஆய்வகங்கள் நன்கறியும்: இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் ஊசி போடப்பட்ட நோயாளியின் இரத்தத்தில் கொழுப்பைப் பிரிக்கும் நொதி தூண்டப்படுவதால், எடுத்த மாதிரி குழாயில் இருக்கும்போதே கொழுப்பு அமிலங்கள் பெருகி, கட்டற்ற டி4இன் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். ஒலியிக் அமிலம் போன்றவை, டி3 செல்லின் உட்கருவில் சென்று பொருந்தும் ஏற்பியையும் தடுக்கக்கூடும் என்று சோதனைக்குழாய் ஆய்வுகள் கண்டன. பன்றிக்கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளின் தைராய்டு பின்னடைந்ததும், மீன் எண்ணெய் கொடுத்த எலிகளின் கல்லீரலில் டி3 ஏற்பி கூடியதும் பதிவாகியுள்ளன.

அறிவுரையில் உள்ள உண்மை இவ்வளவுதான். சோதனைக்குழாயில் ஊற்றப்படும் அளவும் எலியின் தீனியும் செமினி வீட்டுச் சமையல் அல்ல. தேங்காய் எண்ணெய் குடித்து மனிதரின் தைராய்டு குறைபாடு நீங்கியதாக நம்பத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. நாசி லெமாக்கில் சேரும் தேங்காய்ப்பாலுக்கும் இது பொருந்தும்.

தைராய்டு கொழுப்பின்மீது செலுத்தும் மறுதிசைத் தாக்கமோ ஐயத்திற்கிடமில்லாதது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. டி3 குறைந்தால், தீய கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைக் கல்லீரல் உறிஞ்சிக்கொள்ள உதவும் ஏற்பிகளும் குறைந்து, அது இரத்தத்திலேயே தேங்குகிறது. நிறைவுற்ற கொழுப்பும் இதே எல்டிஎல்லைத்தான் ஏற்றுகிறது. ஏற்கெனவே அது உயர்ந்திருப்பவரைப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் குடிக்கச் சொல்வது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதேயாகும். டி3க்கும் கல்லீரல் கொழுப்பைக் கையாள்வதற்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு, கல்லீரலின் டி3 ஏற்பியைத் தூண்டும் ரெஸ்மெடிரோம் என்ற மருந்து, கொழுப்பு சேர்ந்து அழற்சியுற்ற கல்லீரலுக்கென 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதே சான்று.

சமையலறையிலிருந்து தைராய்டை உறுதியாகத் தொடுவது எண்ணெயைவிட உப்பே. கிழக்கு மலேசியாவின் முன்கழுத்துக் கழலை மிகுந்த பகுதிகளில் முதலில் நடைமுறைக்கு வந்த அயோடின் உப்பு, 2020இல் நாடு முழுமைக்கும் விரிந்தது. எண்ணெயை மாற்றுகிற அதே வேகத்தில், அயோடின் மிகமிகக் குறைந்த இளஞ்சிவப்பு இமயமலை உப்புக்கும் மாறுவோர், பிரச்சினை இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். எனினும் அயோடின் போதிய அளவில் கிடைக்கும் நாடுகளில் தைராய்டு குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அதற்கு அயோடினை அள்ளி உண்பதும் தீங்காகலாம், எண்ணெயை மாற்றுவதும் உதவாது.

அத்தகையோருக்கு வழங்கப்படும் லெவோதைராக்ஸின் மாத்திரை, இல்லாத டி4ஐ ஈடுசெய்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காலைப் பசியாற வேண்டும். காப்பியும் சோயாப் பாலும் அதன் உறிஞ்சலைக் குறைக்கும், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கோ 4 மணி நேர இடைவெளி தேவை. சமையலுக்கு எந்த எண்ணெயை வாங்கினாலும், மருத்துவரைக் கேளாமல் இந்த மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.