அடிபம்பு வந்த கதையும் நம்ம கையில் உள்ள ஸ்பானரும்



நம்ம காரியாபட்டி ஒன்றியம் வானம் பார்த்த பூமி. இங்கே வெளியூர் சர்ச்சில் இருந்தோ, தொண்டு நிறுவனத்தில் இருந்தோ தன்னார்வலர்கள் வந்து, "உங்க ஊருக்கு ஒரு போர் போட்டுத் தர்றோம்" என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? கோடையில் குடத்தோடு நடக்கிறது நாமதானே. ஆனால் திறப்பு விழா முடிந்து அவங்க வண்டி ஏறின பிறகு அந்தப் பம்பு எத்தனை நாள் ஓடும்? இதை யோசிக்க நம்ம ஊர் அடிபம்பின் கதையே உதவும். அந்தக் கதை ஒரு சர்ச் ஊழியத்தில்தான் ஆரம்பிக்குது.

1960-களில் மகாராஷ்டிராவில் கடுமையான வறட்சி. அங்கே தரைக்குக் கீழே எல்லாம் பாறை. கடப்பாரையால் வெட்டினால் ஒரு கிணற்றுக்கு மாசக்கணக்கில் ஆகும். ஜால்னா என்ற ஊரில் ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷன் இருந்தது. அவங்க காற்றழுத்தத்தால் பாறையைத் துளைக்கும் போர் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டாங்க. தண்ணியும் வந்தது.

ஆனா பிரச்சினை மேலே இருந்த பம்பில் வந்தது. அப்போ கிடைத்தது வார்ப்பிரும்புப் பம்பு. அது வெளிநாட்டில் ஒரு வீட்டுக் கொல்லைக்கு, ஒரு குடும்பத்துக்குச் செய்த மாடல். அதில் ஒரு ஊரே விடியக்காலையில் இருந்து ராத்திரி வரை அடித்தால் தாங்குமா? கைப்பிடி உடையும், ஆணி தேயும், ராடு கழன்று விழும். 1970-களில் கணக்கெடுத்தப்போ, நாலு பம்பில் மூணு பம்பு ஓடவில்லை என்று தெரிந்தது. தண்ணி பூமிக்குள்ளே இருக்கு, குடம் மட்டும் காலி!

ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் இருந்த கிணற்றுப் பணியாளர்களே பட்டறையில் உட்கார்ந்து இதுக்கு வழி தேடினாங்க. வார்ப்பிரும்பை விட்டுட்டு இரும்புத் தகட்டில் பம்பு செய்தாங்க. கைப்பிடிக்கும் ராடுக்கும் நடுவில் சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயினை வைத்தாங்க. அதனால் ராடு கோணாமல் நேராக ஏறி இறங்கும், தேய்மானம் குறையும். இந்த சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து யுனிசெஃப் நிறுவனமும், சென்னையில் இருந்த அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸும் சேர்ந்து புதுப் பம்பு ஒன்றை உருவாக்கினாங்க. 1976-77-ல் அதைச் சோதித்துப் பார்த்தது எங்கே தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில்தான்! அதுதான் 'இந்தியா மார்க் 2'. நாம தினமும் அடிக்கிற பம்பு. யாரும் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்ளாததால் எந்தப் பட்டறையும் செய்யலாம் என்று ஆகி, ஆப்பிரிக்கா வரைக்கும் போய்விட்டது.

ஆனாலும் எந்தப் பம்பும் பழுதாகாமல் இருக்காது. மார்க் 2-ல் உள்ளே இருக்கிற வாசரை மாற்றக்கூட மொத்தக் குழாயையும் மேலே தூக்கணும். அதுக்கு வண்டி, ஆள், முக்காலி எல்லாம் வேணும். ஒன்றியத்தில் இருந்து ஆள் வர்ற வரைக்கும் பெண்கள் நடந்தே ஆகணும். இதனால்தான் பிறகு மார்க் 3 வந்தது. அதில் குழாய் அகலமாக இருப்பதால், குழாயைத் தூக்காமலே உள்ளே உள்ள பிஸ்டனை எடுத்துவிடலாம். பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: உத்தரப்பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில் 1990-களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் பயிற்சி எடுத்து, ஸ்பானரோடு ஊர் ஊராகப் போய் பம்பு ரிப்பேர் பார்த்தாங்க.

நம்ம குழுவிலும் இரண்டு பேர் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு நிமிஷத்தில் 40 தடவை அடித்துப் பத்து லிட்டர்கூட வரவில்லை என்றால் வாசர் தேய்ந்திருக்கலாம். அடிப்பதை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து அடித்தால், பல அடிக்குப் பிறகுதான் தண்ணி வருதா? அடி வால்வில் கசிவு இருக்கு. செயினுக்குக் கிரீஸ் போடுறதும் நட்டை முறுக்குறதும் மாசம் ஒரு தடவை செய்கிற சின்ன வேலை. திண்ணையில் விரிசல் விட்டால் உடனே பூசணும். இல்லாட்டி கழிவுத்தண்ணி உள்ளே இறங்கும்.

இன்னொன்று, தண்ணி தெளிவாக இருந்தால் நல்ல தண்ணி என்று நம்பிவிட வேண்டாம். ஃபுளோரைடு கண்ணுக்குத் தெரியாது, வாய்க்கும் தெரியாது. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேலே இருக்கிற தண்ணியை வருஷக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை ஏறும், பெரியவங்களுக்கு எலும்பு மூட்டு இறுகும். காய்ச்சினாலும் போகாது. அதனால் புது போர் போட்டதும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணியைச் சோதிக்கச் சொல்லுங்க. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி தர இடம் இருக்கு. உங்க ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று பஞ்சாயத்தில் கேளுங்க.

இனி யாராவது போர் போட்டுத் தர வந்தால் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்க. எந்த மாடல் பம்பு, உதிரிபாகம் எங்கே கிடைக்கும், நம்ம பெண்களுக்கு ரிப்பேர் பயிற்சி தருவாங்களா, ஸ்பானர் செட்டை ஊரிலேயே விட்டுப் போவாங்களா? நல்ல மனசோட வர்றவங்க இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டாங்க. வீட்டுக்கு மாசம் ஐந்தோ பத்தோ சேர்த்துத் தனிக் கணக்கில் வைத்தால் வாசர் வாங்க யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கும் கிராம சபை நடத்தணும் என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்திருக்கு. ஊரில் பழுதான பம்பு எத்தனை, எந்தத் தெருவில், எத்தனை நாளாக என்று எழுதி எடுத்துப் போய்த் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்க. தீர்மான நோட்டில் எழுதின பிறகே கையெழுத்துப் போடுங்க.